கோழி தூக்கிக்கொண்டு போன பாட்டு

என் மாமா போட்ட பாட்டை இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை; இன்றும் அங்கேதான். லீவுக்குச் சித்தூர் வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். பாடுகிறவர் கிடையாது, மேளம் கிடையாது, எல்லாச் சத்தமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே. ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டி ஒரு டான்ஸ் பாட்டை முடித்தார். அது தேறிவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கு ஒரு வீடியோ வேண்டாமா? அந்த வாரம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது என் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற மனிதர். அன்றைக்கு அவர் கையிலிருந்த சேவல் திமிறிக்கொண்டு பறந்தது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்த, அது பூசணிக் குவியலில் ஏறி, போதகரின் நாற்காலியில் போய் உட்கார, அடடா! மாமா அத்தனையையும் போனில் பிடித்தார். நைனாவின் ஒவ்வொரு குதியும் பாட்டின் தாளத்தில் சரியாக விழும்படி வெட்டி ஒட்டினார். அங்கேதான் காரியம் கெட்டது.

சித்தூர் முழுக்க அந்த வீடியோதான். டீக்கடையில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். எந்தப் புண்ணியவானோ மாமாவின் பாட்டை எடுத்துவிட்டு ஒரு தெலுங்கு சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட, அது இன்னும் வேகமாக ஓடியது. காலேஜ் பையன்கள் நைனாவைக் "கோடி அங்கிள்" என்று கூப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கோடி என்றால் தெலுங்கில் கோழி. நைனாவுக்கு உள்ளூர ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் எனக்கும் ராஜ மரியாதை.

திருப்பதியில் டிஜே செட் கடை வைத்திருந்த ஒருவர் மாமாவை வரச் சொன்னார். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்காரர் வீடியோவைப் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"பலே தீசாவய்யா, சூப்பரா எடுத்துக்கீற! கல்யாணத்துக்கு வீடியோ புடிக்க வர்றியா?"

"பாட்டு நான் போட்டது சார்," என்றார் மாமா மெதுவாக.

"பாட்டா? அது பின்னால ஏதோ ஓடிக்கினு கீது, உடு. கோழிதான்யா ஹைலைட்டு!"

திரும்பும் பஸ்ஸில், காணிப்பாக்கம் பிரிகிற இடம் வந்தபோது மாமா இயர்போனை என் காதில் செருகி, உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினார்.

"பாக்காத பாப்பா. சும்மா கேட்டுக்கினு வா."

எனக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. மாமா கையை எடுத்தார்.

"எப்படிக் கீது?"

"சேவலத் தொரத்திக்கினு நைனா எப்ப மாமா வருவாரு?"

மாமா ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். அவ்வளவு நேரம் உம்மென்று இருந்தவரைச் சிரிக்க வைத்துவிட்டேனே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.