சோறு வருகிறது என்று குடலுக்கு யார் சொல்வது?

ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு விஷயத்துக்காகச் சாமியை வேண்டிக்கொள்ள வைக்கும் தொழில், வயிற்று ஆபரேஷன் வார்டில் நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரி பெஞ்சில் துணைக்கு உட்கார்ந்து இடுப்பொடிந்தவர்களுக்கு இது புரியும்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

வெள்ளையன் கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். குடல் முறுக்கிக்கொண்டது என்று மலையிலிருந்து அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன் பிறகு குடல் மறுபடி வேலையை ஆரம்பிக்க வேண்டும். காற்றுப் பிரிந்தால்தான் அது தெரியும். அதுவரை வாயில் ஒன்றும் கிடையாது, டிரிப்ஸ்தான்.

போகும்போதும் வரும்போதும், "காத்துப் பிரிஞ்சுதுங்களா?" என்று கேட்பேன். மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "ஏனுங்க சிஸ்டர், ஒரு பொம்பளப் புள்ள கேக்கற கேள்வீங்களா இது?"

பேசாத வயிறு

வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் சத்தமே இல்லை. நாளைக்கும் இப்படியே இருந்தால் திரும்பத் திறந்து பார்க்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். எனக்கே பயம் பிடித்துக்கொண்டது.

சூயிங்கம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மெல்லும்போது பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துண்டுகள் சுரந்து, குடல் சுவரில் இருக்கும் நரம்புகளுக்கு 'சோறு வருது, எழுந்திரு' என்று தகவல் கொடுக்குமாம். வெறும் வாயை மென்றாலும் குடல் நம்பிவிடும். வெள்ளையன்தான் மசியவில்லை: "பேரன் எடுத்தவன் பபிள்கம் மென்னா ஊரு சிரிக்காதுங்களா?"

பொய் ஏப்பம்

அவர் மனைவி சின்னப்பொண்ணு சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே போவார், வாயைத் துடைத்துக்கொண்டு ஏப்பம் விட்டபடி வருவார். அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனேன். மலையிலிருந்து தங்கச்சி கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நீங்களும் படுத்தால் யார் பார்ப்பது என்று கத்தினேன். அவர் நிமிரவே இல்லை: "அவரு வாயில பச்சத்தண்ணி படாம எனக்கு மட்டும் எறங்குமாங்க?"

எதிரெதிரே

நேராகப் போய்ப் போட்டுக்கொடுத்தேன். வெள்ளையனுக்கு அதுவரை தெரியாது. மனைவியைப் பார்த்தார். "அந்த மிட்டாயக் குடுங்க சிஸ்டர். அவ எம்முன்னால சாப்புடட்டும்" என்றார்.

பட்டினி கிடப்பவர் எதிரில் சாப்பிடுவது பாவம் என்று அழுதார் சின்னப்பொண்ணு. அழுதுகொண்டேதான் இலையைப் பிரித்தார். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. வார்டு முழுக்க வாசனை. அவர் ஒரு கவளம் எடுக்க, இவர் சூயிங்கத்தை மென்றார். பக்கத்து பெட்டுக்கு ஊசி போடப் போக வேண்டிய நான், நகர மனசில்லாமல் நின்றேன். வெள்ளையன் சொன்னார்: "மெதுவாத் தின்னு கண்ணு, எனக்குஞ் சேத்துத் தின்னு."

மறுநாள் காலை

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒரு சின்னக் களகளச் சத்தம். இன்னொன்று. மதியத்துக்குள் காற்றும் பிரிந்தது. திரும்பத் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஸ்டெதஸ்கோப்பைச் சின்னப்பொண்ணு காதில் மாட்டிவிட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது: "சிஸ்டர், இவருக்குள்ளார உலை கொதிக்குதுங்க!"

குடலுக்குத் தகவல் சொல்லப் பெப்டைடு இருக்கிறது, சரி. அந்தப் பெப்டைடைக் கிளப்பிவிட முதலில் பெண்டாட்டி சாப்பிட வேண்டும் என்பதுதான் என் நர்சிங் பாடத்தில் விட்டுப்போயிருந்தது.