ஒரே உயரத்து நாலு பேர்

மெதுவக்கா ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்க மாட்டாள். "யோசிச்சு முடிச்சதாலதானே முடிவு பண்ணேன், மறுபடி என்ன யோசனை?" என்பாள். இந்தக் குணத்தால் அவள் வாழ்க்கையில் பாதி நல்லது நடந்தது. மீதிப் பாதியை வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்.

அவர் கண்ணாடி வெட்டுகிறவர். வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் இருக்கும் கம்பளி விரித்த பெரிய மேசையில்தான் பகலில் வெட்டு, இரவில் சாப்பாடு. அவர் வெட்டுவார், அவள் பிக்கப் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் அச்சு அசலாக ஒரே உயரம். கல்யாணப் போட்டோவில் அது ஒரு குறையாகத் தெரிந்தது. பெரிய கண்ணாடியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கும்போதுதான் அது எப்பேர்ப்பட்ட வரம் என்று புரிந்தது.

முதலில் வாடகை டிரைவர்களைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் செங்கல்லும் மணலும் ஏற்றிப் பழகிய மகான்கள். ஒருத்தன் குறுக்கே வந்த நாய்க்குப் பிரேக் அடித்ததில் நாய் பிழைத்தது, ஒரு துணிக்கடையின் ஆளுயரக் கண்ணாடி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே "இனிமே நான் ஓட்டுறேன்" என்று இவள் முடிவு செய்துவிட்டாள். அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. லைசென்ஸ் பரீட்சையில் வண்டியை மிக மெதுவாக ஓட்டியதற்காக முதல் தடவை அவளை ஃபெயிலாக்கினார்கள். ஏற்றும்போது மெதுவா, இறக்கும்போது மெதுவா, திருப்பத்தில் மெதுவா என்று வாய் ஓயாமல் சொன்னதால் ஊர் அவளுக்கு வைத்த பெயர்தான் மெதுவக்கா. அவளும் அதைக் கடைப் பலகையில் எழுதாத குறையாக ஏற்றுக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. வண்டிக்குப் பின்னால் சாய்வுச் சட்டத்தில் கண்ணாடிகள் நிற்கும். எஞ்சின் ஓடும்போது அவை லேசாக ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தால் எல்லாம் நலம். நடுவில் விட்டுவிட்டு வந்தால் எங்கேயோ ஏதோ கோளாறு. டயரில் காற்று குறைந்தாலும், கயிறு தளர்ந்தாலும், கண்ணாடிதான் முதலில் அவளிடம் கோள் சொல்லும். வண்டியில் பாட்டுப் போட அவள் யாரையும் விட்டதில்லை.

வினை மலையில் வந்தது. ஊருக்கு வெளியே மலைமேல் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வேலை முழுக்க இவர்களுக்கு. இந்தக் கடை இதுவரை பார்த்ததிலேயே பெரிய வேலை அதுதான். ஆனால் இப்போதெல்லாம் யாருக்கு ஒற்றைக் கண்ணாடி பிடிக்கிறது? குளிர் வரக்கூடாது, சத்தம் வரக்கூடாது என்று இரட்டைக் கண்ணாடியாகக் கேட்கிறார்கள். சுமை இரண்டு மடங்கு. வண்டியோ வரவர மாமியார் கழுதைபோல் ஆன கதையாக இருந்தது. காலையில் கிளம்ப முரண்டு பிடித்தது, ஏற்றத்தில் கரும்புகை கக்கியது. கடைசியாக ஏற்றிய லோடு பாதி மலைகூடத் தாண்டவில்லை. இரண்டாவது திருப்பத்தில் வண்டி மூச்சு முட்டி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்து அவளுடைய பரம்பரையையே விசாரித்தன. கண்ணாடியோடு பின்பக்கமாகவே இறங்கி வந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் மானம் போனது போனதுதான்.

காண்ட்ராக்டர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். "உங்க மெதுவெல்லாம் மலைக்கு ஆகாதும்மா. வெள்ளிக்கிழமை லோடு மேல வந்து சேரணும். வரலேன்னா லாரி வச்சிருக்கிற வேற கடைக்காரரையே வேலையை மொத்தமா எடுத்துக்கச் சொல்லிடுறேன்," என்று சாவகாசமாகச் சொன்னார். மொத்தமாக என்றால் மிச்சமிருக்கும் ஜன்னல் அத்தனையும். அன்றிரவு மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வண்டியைத் தன் தம்பியின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். தம்பி டீசல் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். ஆனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் இதை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாதா என்று கை துறுதுறுக்கும். அக்காவின் வண்டி மேல் அவனுக்குப் பல வருஷமாகக் கண்.

எஞ்சினைத் திறந்து, நாலு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நாலு சின்ன பாட்டிலில் பிடித்தான். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைப் பூவாகத் தூவுகிற சாமான். நல்லதாக இருந்தால் உள்ளே தூவும், தேய்ந்துபோனால் வந்த வழியே திருப்பி அனுப்பும். மூன்று பாட்டில்களில் டீசல் அடியிலேயே கிடந்தது. மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தது.

"இவன்தான் திருடன்," என்றான் தம்பி. "அக்கா, நாலையும் மாத்திடலாம். இப்ப நீ ஏத்துற சுமைக்குப் பழைய சைஸ் பத்தாது. பெரிசா போடலாம்."

"கெட்டது எத்தனை?"

"ஒண்ணு."

"அப்ப ஒண்ணை மாத்து."

"அப்படி மாத்தக் கூடாதுக்கா. நாலும் சேர்ந்து—"

"ஜன்னல்ல நாலு கண்ணாடி இருக்கு, ஒண்ணு விரிசல். நாலையுமா மாத்துவோம்? வீட்டுச் சொந்தக்காரன் நம்மளைத் திருடன்னு சொல்ல மாட்டானா? மாத்துறதுதான் மாத்துற, அந்த ஒண்ணைப் பெரிசாவே போட்டுடு. மத்த மூணுக்கும் சேர்த்து அது இழுக்கட்டும்."

கண்ணாடிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. காலம் பூராவும் விரிசல் விட்டதை எடுத்து, அந்த இடத்தில் புதுசை வைத்துச் சுண்ணாம்பு மக்கு பூசிய கை வேறெப்படி நினைக்கும்? தம்பி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பிரயோஜனம்? தன்னிடம் இருந்ததிலேயே பெரிய இன்ஜெக்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தான். அக்கா தானாகத் திரும்பி வருவாள் என்று அவனுக்கும் தெரியும். கொஞ்சம் வேடிக்கை பார்க்கவும் ஆசை.

வண்டியில் எந்த வேலை பார்த்தாலும் முதல் ஓட்டத்துக்கு அவள் விற்கிற கண்ணாடியை ஏற்ற மாட்டாள். கழிவில் கிடந்த ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைச் சட்டத்தில் நிறுத்திக் கட்டி, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மேட்டில் வண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் கண்ணாடி ரீங்கரிக்கவில்லை. கால் நொண்டுகிறவன் மாடிப்படி ஏறுவது போலத் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் பின்னால் 'சிலீர்' என்றது.

"போச்சு," என்றார் வீட்டுக்காரர்.

வண்டியை ஓரங்கட்டினாள். அவள் பயப்படுகிறவள் இல்லை. இப்போது பயந்தாள். இதே சட்டத்தில் ஆஸ்பத்திரியின் இரட்டைக் கண்ணாடி நின்றிருந்தால் கடையே போயிருக்கும்.

வீட்டுக்காரர் இறங்கிப்போய் விரிசலைப் பார்த்தார். கீழ்மூலையில் கிளம்பி மேலே சாய்வாக ஓடியிருந்தது. "நாலு பேர் தூக்கும்போது ஒருத்தன் மட்டும் வாட்டசாட்டமா இருந்தா இப்படித்தான் மூலையில இருந்து கீறும்," என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே துடைப்பத்தைத் தேடினார். அது எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

மெதுவக்கா அவரையே பார்த்தாள். பெரிய கண்ணாடியைத் தூக்க ஆள் பிடிக்கும்போது அவள் எப்போதாவது பலசாலியைத் தேடியிருக்கிறாளா? ஒரே உயரத்து நாலு பேரைத்தானே தேடுவாள்? குட்டையாக இருந்தாலும் நாலு பேரும் குட்டையாக இருக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் ஓங்கினால் மற்ற மூவரும் சேர்ந்தே உடைப்பார்கள். இவ்வளவும் தெரிந்த புத்தி, பட்டறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைப் போய்ப் பிடித்துக்கொண்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வண்டியை நேராகப் பட்டறைக்கே திருப்பினாள்.

"நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்," என்றாள் தம்பியிடம். "இதை இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். நல்லாக் கேட்டுக்கோ."

தம்பிக்கு வாயெல்லாம் பல். அவள் வண்டியில் மாட்டிய பெரிய இன்ஜெக்டர் போலவே நாலை எடுத்து மேசைமேல் அடுக்கினான். "நாலும் யானைக்கா. ஒரே உயரம்."

"யானை சரி. வாசல்ல நுழையுமா?"

தம்பி தலையைச் சொறிந்தான். அவனிடம் ஆயிரம் சேட்டை இருந்தாலும் தொழிலில் பொய் சொல்ல மாட்டான். "டீசல் கூட ஊத்தினா காத்தும் கூட வேணும். உன் டர்போ அவ்வளவு காத்து தராது. புகை வரும், எஞ்சின் சூடாகும். டர்போவையும் மாத்திட்டா…"

"அப்புறம்?"

"கிளச் தாங்காது. அதையும் மாத்தணும்."

"அப்புறம் அக்காவையும் மாத்திடு. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்டா. நான் பந்தயத்துக்கா போறேன்? மலைல மூச்சு முட்டக் கூடாது, கண்ணாடி குதிக்கக் கூடாது. அதுக்கு எது?"

அவன் அலமாரியிலிருந்து நடு அளவு ஒன்றை எடுத்தான். பழையதைவிடக் கொஞ்சம் கூடத் தூவும், இருக்கிற டர்போவே அதற்குப் போதும். நாலைச் சோதனை மெஷினில் மாட்டி ஓடவிட்டான். நாலும் நாலு கண்ணாடிக் குழாய்களுக்குள் தூவின. மெதுவக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழாய்களின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். கண்ணாடியில் மயிரிழை வளைவைப் பிடிக்கிற கண்.

"ரெண்டாவது ஒரு மயிரளவு கம்மி."

"அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்க்கா. மெஷினே பச்சை காட்டுது பார்."

"மெஷின் மலைக்கு வருதா? வேற இருந்தா மாத்து."

சலித்துக்கொண்டேதான் மாற்றினான். இந்த முறை நாலு குழாயிலும் டீசல் ஒரே கோட்டில் நின்றது. அதைப் பார்த்ததும் அவனுக்கும் ஒரு சந்தோஷம் வந்தது. மூடி மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. ஒவ்வொன்றின் எண்ணையும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்து, அது விடுகிற டீசல் அளவையும் புது இன்ஜெக்டருக்குத் தக்கபடி திருத்தி மாட்டினான். மறுபடி ஒரு கழிவுத் தகடு, மறுபடி தண்ணீர்த் தொட்டி மேடு. துடைப்பத்துக்கு வேலை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டம் நிறைய இரட்டைக் கண்ணாடியோடு மலையேறினார்கள். தம்பி பைக்கில் பின்னால் வந்தான். இரண்டாவது திருப்பம் நெருங்கியபோது வீட்டுக்காரர் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டாம் கியருக்கு இறக்கி, காலைச் சீராக அழுத்தினாள். வண்டி ஒரு கணம் கனத்தது. பிறகு இழுத்தது. பின்னால் கண்ணாடிகள் எல்லாம் ஒரே சுருதியில் ரீங்கரித்தன.

"கேட்டீங்களா?" என்றாள்.

"எனக்கென்ன காது இல்லையா?" என்றார் அவர். ஆனால் கதவுப் பிடியை விட்டுவிட்டார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. திருப்பம் என்பதால் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

உச்சியில் காண்ட்ராக்டர் காத்துக்கொண்டிருந்தார். பனைமர உயரம். புகையில்லாமல் வந்து நின்ற வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தார். விரிசல் ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரி முகப்புக்கான மிகப் பெரிய கண்ணாடியை இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். மெதுவக்கா ஒரு மூலை, வீட்டுக்காரர் ஒரு மூலை, அக்காவின் அச்சாகப் பிறந்த தம்பி ஒரு மூலை. காண்ட்ராக்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாலாவது மூலைக்கு வந்தார்.

"நீங்க வேணாம் சார்."

"ஏம்மா, எனக்குத் தூக்கத் தெரியாதா?"

"நல்லாவே தூக்குவீங்க. அதான் பயமா இருக்கு." புது ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்து, வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க வாங்கம்மா. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

ஒரே உயரத்து நாலு பேர் கண்ணாடியைத் தூக்கினார்கள். காண்ட்ராக்டருக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிற வேலைதான் மிச்சம். கண்ணாடி நிலைப்படியைத் தாண்டும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெதுவா," என்றார். "மெதுவா, மெதுவா."

மெதுவக்காவின் இரண்டு கையிலும் கண்ணாடி இருந்தது. அது முகப்புச் சட்டத்தில் போய் உட்கார்ந்த பிறகு, அடுத்த லோடு எப்போது வரும் என்று அவரே கேட்டார்.