சுண்ணாம்புக் கோடும் சிங்கக்குட்டியும்

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. பட்டாசுக் கம்பெனிக்கு உருட்டிக் கொடுக்கும் காகிதக் குழாய்களை அங்கே யார் காயப்போடுவது என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. பெரியம்மா நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டாள். மழையில் கரைந்தால் மறுநாளே புதுக்கோடு விழும். ஒரு வருஷமாக இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. கோட்டை மிதித்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று அம்மா என்னை மிரட்டி வைத்திருந்தாள்.

நான் அஞ்சாம் வகுப்புப் படித்தபோது ஒரு லீவு நாள் மத்தியானம், டிவியில் காட்டுச் சிங்கங்களைக் காட்டினார்கள். ஓர் ஆற்றங்கரைக்காக இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டன. கர்ஜனை கேட்டு நான் டிவிக்குக் கிட்டே நகர்ந்தேன். குழாய் உருட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையும் நின்றுவிட்டது. தோற்ற கூட்டம் ஓடியபோது ஒரு குட்டி மட்டும் புல்லுக்குள் தனியே மாட்டிக்கொண்டது. ஜெயித்த கூட்டத்துப் பெண் சிங்கம் ஒன்று அதை நோக்கி மெதுவாக நடந்தது. எதிரியின் குட்டியைச் சிங்கங்கள் உயிரோடு விடுவது அபூர்வம் என்று படத்துக்குப் பின்னணியில் தமிழில் பேசியவர், தானே போருக்குப் புறப்பட்டவர் மாதிரி முழங்கினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

எனக்கு அழுகையே வந்தது. அப்போது சந்துக்கு அந்தப்பக்கமிருந்து அதே குரல் கேட்டது. பெரியம்மா வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. அம்மா கத்தக் கத்தக் கோட்டைத் தாண்டி ஓடினேன்.

"வாசல்ல நிக்காத புள்ள, உள்ள வா" என்றாள் பெரியம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னாலேயே அம்மா வந்தாள். என் காதைத் திருகத்தான் வந்திருப்பாள். ஆனால் வாசற்படியில் நின்றுகொண்டு, "அக்கா, அந்தக் குட்டியக் கொன்னுருச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல. இங்கன வந்து உக்காரு."

அம்மா உட்கார்ந்தாள். பெண் சிங்கம் குட்டியை மோந்து பார்த்தது. அது வாயைத் திறந்தால் குட்டியின் தலை முழுசாக உள்ளே போய்விடும். சிங்கம் குட்டியின் முகத்தை நக்கியது. பிறகு அப்படியே சாய்ந்து படுத்தது. குட்டி தட்டுத் தடுமாறி வந்து அதனிடம் பால் குடித்தது. சண்டையில் பட்ட ரத்தம் முகத்தில் காயக்கூட இல்லை, அதற்குள் அந்தச் சிங்கம் கண்ணை மூடிக்கொண்டது. அப்படி ஒரு காட்சியை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

திரும்பினால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். பெரியம்மா கண்ணிலும் தண்ணீர். குட்டிதான் பிழைத்துவிட்டதே, எதற்கு இந்த அழுகை என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் பிறந்தவுடன் அம்மா ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததும், அந்த நாட்களில் தன் மகனோடு சேர்த்து எனக்கும் பால் கொடுத்தது பெரியம்மாதான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.