பெரட்டுக்களத்து மண்

போன ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் நல்ல மழை. ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் நனைந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் போதகர், "இன்னைக்கு நம்ம தேசத்துக்காக மனந்திரும்பி ஜெபிப்போம். பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுக்கங்க" என்றார். நான் எப்போதும் தூணோரத்து பெஞ்சில் உட்காருகிறவள். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் என் கைப்பை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அதற்காக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். வீட்டிலும் பிடிக்க ஒரு கையில்லாமல்தான் எனக்குக் காலம் போகிறது, பழகிவிட்டது.

போதகர் நன்றாகத்தான் ஜெபித்தார். நாட்டைச் சுரண்டிய தலைவர்களை மன்னியும் என்றார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை, போதைத்தூள் விற்பவர்களை, நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மன்னியும் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லிக்கொண்டே வந்தேன். முடிந்து கண்ணைத் திறந்தபோதுதான் தோன்றியது, இத்தனை பாவத்தில் எனக்கு ஒரு பங்கும் வரவில்லையே என்று. சுகமாக மனந்திரும்பியிருந்தோம். வெளியே போய் முறுக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முன் பெஞ்சில் இருந்த அம்மாவின் ஈரக் கம்பளி வாசம் மூக்கில் ஏறிவிட்டது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை ஒரு கறுப்புக் கம்பளி போர்த்தியிருப்பார்கள். ஈரமும் புகையும் தேயிலைச் சாயமும் சேர்ந்த ஒரு வாசம் அதில் எப்போதும் இருக்கும். எத்தனை தரம் வெயிலில் போட்டாலும் போகாது. எனக்கு அந்த வாசம் என்றால் ஞானம்மா அக்கா.

என் முதல் நியமனம் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தங்க இடம் கிடைக்காமல் பழைய பிள்ளைக்காம்பராவில் பாதியை எனக்குக் கொடுத்தார்கள். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. புதுசு கட்டியதும் பழையதில் ஒரு பாதி சர்ச் ஆகிவிட்டது. மறுபாதியில் நான். பலிபீடத்துக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால்கூடப் பிரசங்கத்திலிருந்து தப்ப முடியாது.

அப்போதும் நான் தனியாள்தான். சாயந்திரம் பனி இறங்கிவிட்டால் எதிர்மலை மறையும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் மறையும், பிறகு என் ஜன்னலே மறைந்த மாதிரி இருக்கும். பக்கத்து லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவிலிருந்து ஞானம்மா அக்கா ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார், கதவடியில் குந்திக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்ப்பார்.

"தனியா குந்திக்கிட்டு இருக்காதீங்க டீச்சர். மனசு கண்டதையும் நெனைக்கும்."

அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. புருஷன் செத்து வெகுகாலம். ஒரே மகன் சீலன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவின் தம்பியுடைய கடை அது. தீபாவளிக்குத் தோட்டமே புதுத்துணி போடும்போது இவன் கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்குவான். எனக்கும் ஒரு கேக் பெட்டி கொண்டுவருவான். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். இருபது வயதுதான் இருக்கும்.

நான் போன இரண்டாம் வருஷம் நானா மூச்சு வாங்க மேடேறி வந்தார். சேதியைக் கடைப் பையனிடம் சொல்லியனுப்ப மனம் வராமல் தானே வந்திருக்கிறார். "அக்கா, ரோட்டுல மறிச்சு செக் பண்ணுனாங்களாம். தம்பி கையில ஐடி இல்லையாம். ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. விட்டுருவாங்க, பயப்படாதீங்க" என்றார். ஐடி எப்படி இருக்கும்? பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பம். இந்த நாட்டுக்காரன்தான் என்று காட்ட அவனிடம் அம்மா வாங்கிக் கொடுத்த சட்டைதான் இருந்திருக்கும்.

விடவில்லை. அக்கா எத்தனையோ தடவை கொழும்புக்குப் போனார். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பொலிஸ், முகாம் என்று வாசல் வாசலாகக் கேட்டார். அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை என்பதே எல்லா வாசலிலும் பதில்.

கடைசித் தடவை அவர் திரும்பி வந்தது ஒரு காலை நேரம். பெரட்டு நடந்துகொண்டிருந்தது. ஆட்களைக் கூட்டி, யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துக் கொடுக்கிற அந்தக் களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க நின்றேன். அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் களத்தின் நடுவுக்கு வந்தார். பையைக் கீழே வைத்தார். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி, ரோட்டுப் பக்கம் பார்த்துத் தூற்றினார்.

"எம்புள்ளைய எங்கேன்னு கேட்டா தெரியாதுங்குது இந்த நாடு. இது நல்லா இருக்காது. மண்ணாப் போகட்டும்."

கத்தவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டார். கண்டாக்கு ஐயா எந்தப் பேரில் நிறுத்தினோம் என்று தெரியாமல் முழித்தார்.

அதற்குப் பிறகு நாட்டில் எது நடந்தாலும் தோட்டம் ஒருமுறை தொங்கல் காம்பராவைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். எங்கேயாவது குண்டு வெடித்தால், மழை பொய்த்தால், மாவு விலை ஏறினால், "தாய் வயிறு எரிஞ்சு விட்ட சாபம், சும்மா போகுமா" என்று பீலியடியில் பேச்சு வரும். அக்காவும் கேட்டிருப்பார். மறுக்கமாட்டார். சர்ச்சுக்குத் தவறாமல் வருவார், பாடுவார். உபதேசியார் நாட்டுக்காக ஜெபிக்கும்போது மட்டும் ஆமென் சொல்லாமல் இருப்பார். உபதேசியார் அதைக் கவனித்ததும் எனக்குத் தெரியும், கவனிக்காத மாதிரி அடுத்த பாட்டுக்குப் போனதும் தெரியும். நல்ல மனுஷர். தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஊழியம். அங்கியில்கூடத் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும்.

அவருக்குத்தான் ஒரு பௌர்ணமிப் போயா லீவில் சங்கிலி ஜெபம் வைக்கிற யோசனை வந்தது. விடியலிலிருந்து பொழுது சாய்கிற வரை ஜெபம் அறக்கூடாது. ஒரு வீடு அரை மணி நேரம் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டைப் போய்க் கூப்பிட வேண்டும், அவர்கள் முழங்காலில் நின்ற பிறகுதான் இவர்கள் ஜெபத்தை நிறுத்தலாம். இம்முறை தேசத்துக்காக என்றார்.

"எந்தத் தேசத்துக்குங்க ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய பிள்ளைகள் பாதி இங்கே, பாதி கப்பலேறி இந்தியாவில். எல்லோரும் சிரித்தோம்.

"நாம சாப்புடுற தேசத்துக்கு" என்றார் உபதேசியார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அடுத்தவன் பாவத்தைக் கடவுளிடம் கோள் மூட்டக்கூடாது. இந்த நாடு கெட்டதில் நம்ம பங்கு என்ன, அதை மட்டும் கொண்டுவர வேண்டும்.

எங்களுக்குத் தலை சுற்றியது. ஓட்டுகூட நேற்றுத்தான் கிடைத்திருக்கிறது, அதற்குள் நாட்டைக் கெடுக்க எங்களுக்கு ஏது நேரம்? ஒருத்தி கொழுந்துக் கூடையில் தண்ணீர் தெளித்து நிறை கூட்டியதைச் சொல்லலாமா என்று கேட்டாள். அது தோட்டத்துப் பாவமா நாட்டுப் பாவமா என்று ஒரு வாக்குவாதம். நான் ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்தது, காலைக் கூட்டத்தில் தேசிய கீதத்துக்கு வாயை மட்டும் அசைக்கிறேன் என்பது. அதுவும் பாட்டு வராததால்தான்.

முறை லயத்து வரிசைப்படி வந்தது. அக்காவுக்கு அடுத்தது நான். என் நேரம் வந்தது, போனது. அக்கா கூப்பிட வரவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிறது, எனக்கோ பள்ளிக்கூடத்து மணிப் புத்தி. கொஞ்சம் எரிச்சலோடுதான் போனேன்.

அக்கா முழங்காலில் நின்றார். தோளில் கம்பளி. வீட்டுக்குள்ளே எல்லாம் ஈர வாசம். ஜெபிக்கிற மாதிரி தெரியவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேரமாச்சு."

"தெரியும் டீச்சர். என் பங்கு என்னான்னு எனக்குத் தெரியும். அதை எடுத்துக் குடுக்க முடியல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவனுக்கு ஒரு கல்லறை இல்ல. பொட்டி இல்ல. ஒரு வேளை சோறு கட்டிக் குடுத்து அனுப்பல. அவனுக்காக இந்த உலகத்துல நான் செஞ்சது அந்த ஒண்ணுதான், நாலு பேர் முன்னால மண்ண வாரிப் போட்டது. அதையும் திரும்ப எடுத்துக்கிட்டேன்னு வைங்க, எம்புள்ளைக்கு யார் இருக்கா?"

எனக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நழுவியிருந்த கம்பளியை அவர் தோளில் இழுத்துப் போட்டேன்.

சங்கிலி நின்றுவிட்டது என்று லயமெல்லாம் தெரிந்துபோயிற்று. உபதேசியார் வந்தார். உள்ளே வரவில்லை, வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சாபம் பாவம், அது இது என்று ஆரம்பிப்பார் என்று பயந்தேன். அவரோ, "முடியலன்னா விட்டுருங்க ஞானம்மா. சங்கிலி உங்க வீட்டுலேயே நிக்கட்டும். இதுக்கு மேல போய் நாங்க என்ன ஜெபிக்கப் போறோம்" என்றார்.

வற்புறுத்தியிருந்தால் அக்கா அசைந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, தூத்துன மண்ண எப்புடிங்க திரும்ப எடுக்குறது?"

"தெரியலையேம்மா" என்றார் உபதேசியார். அவர் சொன்ன பதில்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அக்கா படியிறங்கிப் பெரட்டுக்களத்துக்குப் போனார். லீவு நாள், களத்தில் ஒருவரும் இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஏதோ விழுந்ததைத் தேடுகிறவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். லயத்து வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை, ஒரு அல்லேலூயாவும் இல்லை. திரும்பி வந்து என்னிடம், "எடுத்துட்டேன் டீச்சர். இனி அவனுக்குன்னு என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க போங்க, உங்க முறை" என்றார்.

நான் போனேன். முழங்காலில் நின்றேன். தேசிய கீதத்தைப் பற்றிக் கடவுளிடம் பேச வெட்கமாக இருந்தது. சோறு அடிப்பிடித்த வாசம்தான் வந்தது. அரை மணி நேரமும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டேன்.

நாட்டுக்கு அதனால் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. யுத்தம் பாட்டுக்கு நடந்தது. சீலன் வரவில்லை. அக்கா மட்டும் அடுத்த ஞாயிறு நாட்டுக்காக ஜெபித்தபோது ஆமென் சொன்னார், எல்லோரையும்விட ஒரு கணம் பிந்தி. எனக்கு அது கேட்டது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன், காய்ச்சல் என்று பேர்.

மாற்றலாகி நுவரெலியாவுக்கு வருகிற அன்று சொல்லிக்கொள்ளப் போனபோது அந்த மண்ணை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெகுநாளாக மனதில் இருந்த கேள்வி.

"அடுப்புக்குப் பூசிட்டேன். வேற என்னா செய்யிறது? வெடிச்சுப்போயி கெடந்துச்சு" என்றார். அந்த அடுப்பில் சுட்ட ரொட்டியைத்தான் இத்தனை நாளும் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

அக்கா செத்த சேதி எனக்கு அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. உபதேசியாரும் இல்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு நோர்வூட் போனவள், மனம் கேட்காமல் ஆட்டோ பிடித்து மேலே போனேன். மலை வெடித்திருக்கிறது, மண் சரியும் என்று அந்த லயத்தில் இருந்தவர்களை எழுப்பி வேறெங்கோ வீடு கொடுத்துவிட்டார்களாம். தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். தொங்கல் காம்பராவில் இடுப்பளவுக்கு மானாப்புல். அடுப்பு இருந்த மூலையை என்னால் அடையாளம் காண முடியவில்லை. பிள்ளைக்காம்பராவும் இடிந்துகிடந்தது. பெரட்டுக்களத்தில் கொங்கிரீட் போட்டு லொறி நிறுத்துகிறார்கள். ஞானம்மா என்று ஒருவர் இருந்தாரே என்று அங்கே நின்றவர்களைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள், ஆனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. கணக்குப் பார்த்தால் சீலனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எங்கேயாவது உயிரோடு இருந்து, ஒரு நாள் அந்த மேட்டில் ஏறி வந்தான் என்றால், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்று அறிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. லொறிக்காரப் பையன்களில் ஒருவன் எழுந்து நின்று, "யாரைத் தேடுறீங்க ஐயா?" என்று கேட்பான்.