ஏழாவது கேள்வி

ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு கேள்வித்தாள் கட்டோடு நான் போய் இறங்கியது, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பெண்கள் மதரஸா விடுதி. குர்ஆன் ஓதிக்கொண்டே பள்ளிப் பாடமும் படிக்கிற முப்பத்திரண்டு பிள்ளைகள். வீட்டை விட்டு வந்தவர்கள் விடுதிக்கு எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்று மார்க் போட்டுச் சொல்வது என் வேலை. மனசையே அளக்கப் போகிற மகாராணி என்று நினைப்பு எனக்கு!

விடுதிப் பொறுப்பிலிருந்த, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமாவுக்கு வேறு கவலை. சத்தியமங்கலத்திலிருந்து வந்த ஒரு புதுப் பிள்ளை, சோறு இறங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். "அவளுக்கு இந்த எடம் ஒத்துக்கலைன்னு உங்க தாள் சொன்னா ஊட்டுக்கு அனுப்பிச்சர்றனுங்க. பாக்கப் பாவமா இருக்குது" என்றார். அவளோ அழுவாளே தவிர, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டாள். திரும்பி வந்தால் மில் வேலைதான் என்று சொல்லித்தான் வீட்டில் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் பேசியதைத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகள் கேட்டது எனக்குத் தெரியாது.

எழுதி வைக்கச் சொல்லி அன்று ராத்திரியே கொடுத்திருந்த தாள்களை மறுநாள் வாங்கிப் பார்த்தால் பகீரென்றது. ஏழாவது கேள்வி, 'இந்த வாரம் நான் அழுதேன்.' முப்பத்திரண்டு தாளிலும் 'ஆமாம்'! முந்தின நாள் மாடிப்படியில் கும்மாளம் போட்ட வாயாடிகள்கூட. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. இருந்ததில் பெரியவளைக் கூப்பிட்டேன்.

"ஏனம்மணி, ஓதற புள்ளைங்க இப்படிப் பொய் எழுதலாமா?"

அவளுக்கு முகமே மாறிவிட்டது. "பொய் எழுதுவோமுங்களாக்கா? அவ ஒருத்தி மட்டும் 'ஆமாம்'னு எழுதுனா அனுப்பிப்போடுவாங்கல்லங்க. அதனால காலைல தொழுதுபோட்டு அவளச் சுத்தி உக்காந்தோம். அவங்கவங்க ஊட்ட நெனச்சு எல்லாரும் நெசமா அழுதுபோட்டுத்தானுங்க எழுதுனோம். ரெண்டு பேருக்கு மட்டும் அழுகையே வரலைங்க. அவங்களுக்கு வர்ற வரைக்கும் இட்லி திங்காமக் காத்திருந்தோம்."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. என்ன பிள்ளைகளடா இதுகள்! பொய்யும் சொல்லக் கூடாது, அவளையும் விடக் கூடாது. இதற்கு நான் எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது?

ஆலிமா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அந்தப் புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க" என்றவர், மேசையில் மிச்சமிருந்த தாள்களைப் பார்த்துக் கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுங்க. ஏழாவதுக்கு நானும் இப்ப 'ஆமாம்' எழுதலாமுங்க."