ஒரு பாராட்டு, ஒரு கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை காலை. கிழக்குத் தாம்பரத்தில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில் முதல் மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டதை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றாலே வேப்பங்காய். 'மழைநீர் சேகரிப்பின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே கைடைப் பார்த்து ஒரே மழைநீரைச் சேகரிப்பார்கள். திருத்தித் திருத்திச் சலித்துப்போய், அந்த வருடம் ஜூன் மாதத்தில் வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். கதை, கவிதை, கட்டுரை, ஓவியம் எது வேண்டுமானாலும் போடலாம். நோட்டில் எழுதி என்னிடம் காட்டி, நான் திருத்திய பிறகு ஏற்ற வேண்டும். யாரும் சொந்தப் பெயர் போடக்கூடாது, புனைபெயர்தான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது போதும் என்று நான் மனதார நம்பினேன்.

இன்னொரு சட்டமும் வைத்தேன். படிக்கிற ஒவ்வொருவரும் கீழே ஒரு பாராட்டும் ஒரு கேள்வியும் எழுத வேண்டும். 'சூப்பர்', 'செம', கட்டைவிரல் பொம்மை எதுவும் செல்லாது. கேள்விக்கு எழுதியவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். "கேள்விதான் எழுதுறவங்களை அடுத்த வரிக்குத் தள்ளும்" என்று வகுப்பில் பெரிதாகப் பேசினேன்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் தலைக்கு மேலே பறக்கும் விமானப்படை விமானங்களைப் பற்றி எழுதினான். இன்னொருத்தி வெள்ளத்தில் மிதந்த தன் வீட்டு இட்லிக் குண்டானைப் படமாக வரைந்து போட்டாள். நோட்டில் நான் சிவப்பு மையால் எழுதும் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: 'பொத்தாம் பொதுவாக எழுதாதே. எந்தத் தெரு? எத்தனை மணி? என்ன நிறம்? விவரம் போடு.'

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வலைப்பூவைத் திறந்து வைத்திருந்ததும் நான்தான். பார்வையாளர் எண்ணிக்கை ஏற வேண்டுமே! தினமும் காலையில் காபியோடு அந்த எண்ணைப் பார்ப்பேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டுவேன். ஒரு சக ஆசிரியை, "ஏன்க்கா, இதை வெளி ஆளுங்களும் படிப்பாங்களா?" என்று கேட்டபோது, "படிக்கட்டுமே, நம்ம பிள்ளைங்க எழுத்தை ஊரே படிக்கட்டும்" என்று சொன்னவள் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்புக்கு வகுப்பு விளக்கம் சொல்கிற தமிழ் மிஸ்!

அந்த வகுப்பில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா வெளிநாட்டில் வேலை. அம்மாவுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மின்சார ரயிலில் போய் வருவார். பள்ளி விட்டு நாலே காலுக்கு வீட்டுக்கு வரும் அவள், அம்மா வரும் ஏழு மணி வரை என்ன செய்வாள் என்று ஒரு கட்டுரை எழுதினாள். 'நாலே கால் முதல் ஏழு வரை' என்பதுதான் தலைப்பு. கழுத்தில் தொங்கும் சாவி, பூந்தி என்ற பூனை, டீயில் முழுகிப்போகும் பிஸ்கட், தூரத்து ரயில் சத்தத்தை வைத்தே மணி சொல்லும் பழக்கம் என்று அத்தனை அழகு. அதை இரண்டு முறை படித்தேன். நானும் எப்போதோ அப்படிக் காத்திருந்த பிள்ளைதான். அதை ஆறு பகுதிகளாக எழுதச் சொன்னேன்.

மூன்றாவது பகுதியில் 'ரசிகன்' என்ற பெயரில் ஒருவர் கருத்து எழுத ஆரம்பித்தார். எங்கள் சட்டப்படியே ஒரு பாராட்டு, ஒரு கேள்வி. அடுத்த பிரிவுப் பையனாக இருக்கும், இல்லையென்றால் யாருடைய அண்ணனாவது இருக்கும் என்று நினைத்தேன். அழகான தமிழ். ஒரு பிழை இல்லை. தமிழ் வாத்தியாரை மயக்க வேறென்ன வேண்டும்?

அவர் எழுதியதற்குக் கீழே நான் போட்ட பதிலை அப்படியே சொல்கிறேன். 'மாணவர்களே, ரசிகனின் கேள்விகளைக் கவனியுங்கள். எழுதுபவரை மேலும் எழுத வைப்பவை இவைதான். இப்படிக் கேட்கப் பழகுங்கள்.'

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். மகள் அவருடைய துப்பட்டாவைப் பிடித்தபடி பின்னால் நின்றாள்.

"மிஸ், இனிமே நான் வர்ற வரைக்கும் இவ ஸ்கூல்லயே உக்காந்திருக்கட்டும். ஆறே முக்காலுக்கு ஸ்டேஷன்ல இறங்கினதும் நேரா இங்க வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். ஏன் என்று கேட்டதும் உடைந்து அழுதுவிட்டார்.

முந்தின நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆள் பைக்கில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கிரில் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, அம்மா ரயில்வே ஸ்டேஷனில் மயங்கி விழுந்துவிட்டார், பொத்தேரி பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நான் அம்மாவோடு வேலை செய்பவன், உடனே கூட்டிவரச் சொன்னார் என்றிருக்கிறான். பெண் தயங்கியிருக்கிறாள். உடனே அவன், "பூந்திக்குப் பால் ஊத்திட்டு வரச் சொன்னாங்கம்மா. சாவியை எப்பவும் போல மீட்டர் பெட்டியிலயே வெச்சிடு" என்றானாம். பூந்தி என்ற பெயரைக் கேட்டதும் அவள் நம்பிவிட்டாள். வீட்டில் அவளுக்குப் போன் கிடையாது, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அழுதுகொண்டே வீட்டைப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு பைக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

எதிரே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்காதான் குரல் கொடுத்திருக்கிறார். பிற்பாடு அவரே எனக்கு நடித்துக் காட்டியதால் ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"இன்னா கண்ணு, மழ வர மாறி கீது, எங்க கெளம்பிட்ட?"

பெண் விஷயத்தைச் சொல்லி அழுததும், இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அக்கா வந்திருக்கிறார்.

"நீதான் அவங்கள ஆஸ்பத்திரில சேத்தியா சார்?"

"ஆமாம்மா, நான்தான் ஆட்டோல கூட்டிட்டுப் போனேன். டைம் ஆகுது, விடுங்க."

"இரு சார். இன்னா கலர் பொடவ கட்டினு கீறாங்க, சொல்லு. காலைல நான்தான் தேச்சுக் குட்தேன்."

அவன் ஒரு நொடி விழித்துவிட்டு, "நீலம்னு நெனைக்கிறேன்" என்றானாம்.

"பொடவயே கட்டலயேடா அது! சுடிதார்தான தேச்சுக் குட்தேன்!" என்று கத்திக்கொண்டே அவர் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க, அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான். அவளை இழுத்துப் பிடிக்கும் அவசரத்தில் வண்டி எண்ணை யாரும் பார்க்கவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். "யார் வேலைன்னு எனக்குத் தெரியும் மிஸ். போன மாசம் வரைக்கும் வீட்டு வேலைக்கு ஒரு பொண்ணு வந்துட்டிருந்தா, நான்தான் நிறுத்திட்டேன். சாவி வைக்கிற இடம், பூனை பேரு, நான் வர்ற நேரம் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இங்கிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன், அவ பேரைத்தான் குடுக்கப் போறேன்."

சாவி, பூனை, நேரம். எனக்கும் தெரியுமே இதெல்லாம்! எனக்கு எப்படித் தெரியும்?

போனை எடுத்து வலைப்பூவைத் திறந்தேன். அன்றைக்கு வரை அந்தக் கருத்துகளை நான் தனித்தனியாகத்தான் படித்திருந்தேன், வாரத்துக்கு ஒன்றாக. அன்று ஒன்றின் கீழ் ஒன்றாகப் படித்தேன்.

'பூந்தியை நேரில் பார்த்தது போல இருந்தது. அம்மா வரும்வரை அது உங்களுடனேயே இருக்குமா?' அதற்கு அவள் பதில்: 'இல்லை, ஐந்தரைக்கு மாடிக்குப் போய்விடும். அப்புறம் நான் மட்டும்தான்.'

'ரயில் சத்தம் பற்றிய வரிகள் அருமை. உங்கள் வீடு அவ்வளவு பக்கமா?' 'சுரங்கப்பாதை தாண்டி இரண்டாவது தெரு, பிள்ளையார் கோவிலுக்கு அடுத்த பச்சை கேட்.'

'சாவியைப் பற்றி எழுதியது நெகிழ வைத்தது. அது தொலைந்துவிட்டால்?' 'இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.'

'இவ்வளவு அழகாக எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள்?' 'அம்மா வந்த பிறகு அவர் போனில். என்னிடம் போன் இல்லை.'

அதற்கு நேர் கீழே, என் பெயரில், நான் எழுதிய பாராட்டு. இப்படிக் கேட்கப் பழகுங்கள்.

தலையில் இடி விழுந்தது போல என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்துத் திருத்தியிருக்கிறேன். அன்றுதான் விழுந்தது. ஸ்டாஃப் ரூமில் மின்விசிறி ஓடுகிறது, யாரோ டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் அந்தப் பெண்ணை மாதக்கணக்கில் பின்தொடரவில்லை, வேவு பார்க்கவில்லை. என் சட்டப்படி கேட்டான், என் சட்டப்படி அவள் பதில் சொன்னாள். சொல்லாமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்று சொல்லியிருந்தேனே!

ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் போனை மூடி வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குத் தெரியாது; மகள் தன் போனில் வீட்டுப்பாடம் செய்கிறாள் என்று மட்டும்தான் நினைத்திருப்பார். பெண்ணுக்கும் புரியவில்லை. அந்தப் பக்கங்களை அழிக்க ஒரு நிமிடம் போதும். வேலை போகும், மானம் போகும் என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் ஒரு பாவமும் அறியாத அந்த வேலைக்காரப் பெண் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பாளே என்ற நினைப்பு வந்ததும் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். "இதையெல்லாம் நீங்க படிச்சீங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"படிச்சேன்ம்மா. நல்லா இருக்குன்னு எழுதினேன்" என்றேன்.

அவரோடு நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நாங்கள் அங்கே போய் வலைப்பூவைத் திறந்தபோது 'ரசிகன்' எழுதிய அத்தனையும் காணாமல் போயிருந்தன. அவளுடைய பதில்கள் மட்டும் வரிசையாக நின்றன. முந்தின நொடி வரை எங்கோ உட்கார்ந்து அவனும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்று வரை அவன் யாரென்று தெரியவில்லை.

வலைப்பூவை அன்றே மூடினேன். பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை நானே எழுந்து சொன்னேன். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். எப்படியோ வேலை தப்பியது. அந்தப் பெண் மட்டும் ஒரு நாள் மதியம் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நான் எழுதினது தப்பா மிஸ்?" என்று கேட்டாள். இல்லடா, தப்பு என்னோடது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த வருடம் முழுக்க அவள் வேறு எதுவும் எழுதவில்லை.

புகாருக்குத் தேவைப்படும் என்று அவளுடைய கட்டுரை நோட்டை வாங்கி வைத்திருந்தேன். அந்த வாரக் கடைசியில்தான் அதைப் புரட்டினேன். 'நாலே கால் முதல் ஏழு வரை' முதல் பகுதி. பென்சிலில் அவள் எழுதிய கடைசிப் பத்தி இது:

'நான் தனியாக இருப்பதாக அம்மா கவலைப்படுவார். ஆனால் நான் தனியாக இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரில் இஸ்திரி அக்கா இருக்கிறார். அவர் பெட்டியில் கரி மினுங்குவது எனக்குத் தெரியும். நான் லைட் போடுவது அவருக்குத் தெரியும்.'

அந்தப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்து: 'தலைப்புக்குத் தேவையில்லை. தனிமையை மட்டும் சொல்.'

அதைப் பார்த்தபோது ஆன அதிர்ச்சி புதன்கிழமை ஆனதைவிடப் பெரியது. அந்த வரிகள் இருந்திருந்தால் அவன் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருப்பான், அதை நீ அடித்ததுகூட நல்லதுக்குத்தான் என்று என் கணவர் தேற்றுகிறார். இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். கட்டுரை அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் அந்த ஆளை அழித்துவிட்டு, அவளைத் தனியாக நிற்க வைத்து ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

இப்போதும் கட்டுரை நோட்டுகளைத் திருத்துகிறேன், வரிகளை அடிக்கவும் செய்கிறேன். ஆனால் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றும்போதெல்லாம் புங்க மரத்தடியில் மினுங்கும் அந்தக் கரி என் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அடிக்கப் போகும் வரியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் என் கை நகர்வதில்லை.