ராஸ்தா பேட்டிலிருந்து நடந்து வந்த தீ

அன்று புனேயில், பாணேரில் என் மகள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மகள், மருமகன், மூன்று வயது நிறைந்த பேரன், மருமகனின் அம்மா, அலுவலக நண்பர்கள் இருவர். எட்டுப் பேர். மேஜையில் கேக், கேக்கின் மேல் மூன்று மெழுகுவர்த்தி. எட்டுப் பேரிடமும் ஒரு தீக்குச்சி இல்லை. சமையலறையில் போய்ப் பார்த்தேன். அங்கே அடுப்பு என்று இருப்பது ஒரு கறுப்புக் கண்ணாடி. விரலால் தொட்டால் சூடாகும். தீயைக் கண்ணால் பார்க்க முடியாது. மருமகன் போனில் தீப்பெட்டிக்கு ஆர்டர் போட்டான். அது வருவதற்குள் பேரன் கேக்கின் ஒரு ஓரத்தை விரலால் தோண்டிவிட்டான். நான்தான் மனசு கேட்காமல் லிஃப்டில் இறங்கி, வாட்ச்மேனிடம் அவருடைய பீடித் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தேன்.

குச்சியை உரசினேன். அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறியதும், எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது, எனக்குச் சாலமன் காகாவின் ஞாபகமும் அவர்மேல் இருந்த பழைய பொறாமையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் கழித்துமா என்று கேட்காதீர்கள். பொறாமை ஊறுகாய் மாதிரி. மூடியை இறுக்கி வைத்தால் கெடவே கெடாது.

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. வயதானவர்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி விழும். என்னைக் கேட்டால் அவருக்குத் தமிழ் அர்த்தம்தான் பொருத்தம். காலையில் வருவார், ஒரு கொத்து கொத்துவார், பறந்துவிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அப்பா லோஹேகாவில் விமானப்படை மெஸ்ஸில் சமையல்காரர். நான் சிஞ்ச்வட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை கேண்டீனில் கரண்டி பிடித்தேன். கல்யாணமான வருஷமே கேண்டீனை மூடிவிட்டார்கள். மனைவிக்கு அப்போது நாலாவது மாதம். அந்த வயிற்றில் இருந்தவள்தான் இன்றைக்குத் தீப்பெட்டி இல்லாத வீட்டுக்காரி. எங்கள் சர்ச்சில் ஒரு டீச்சரம்மா பார்த்து கேம்ப் பகுதியில் ஒரு வேலை சொன்னார். வெளிநாட்டிலிருந்து யூத மாணவர்கள் படிப்புக்காக வருகிறார்கள், சில மாதம் இருப்பார்கள், அவர்களுக்குத் தங்க, சாப்பிட, துணி வெளுக்க, கொசுவலை கட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும் என்றார்.

இரண்டு ஃபிளாட். மேலே பையன்கள், கீழே பெண்கள், சமையல் கீழே. டேனியல், சாரா, யோனா, ரூத். ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம் வரிசையில் நின்று என் கண்ணெதிரே பல் தேய்த்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் கழுத்து வளையும் ஒரு விளக்கு. எல்லாம் நான் வாங்கி, நான் தூக்கி வந்து போட்டவை. எனக்குக் கணக்கு வராமல் போனதற்கு மேஜை விளக்கு இல்லாதது காரணமில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்த விளக்குகளுக்கு பல்பு மாட்டும்போது கை கொஞ்சம் முறுக்கியே மாட்டியது. அவர்கள் படிக்கிற விதம் அதைவிட மோசம். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வரியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் சமாதானம் பேசவே வந்துவிட்டார். பேசினான் என்பதற்காக என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். இங்கே பேசினால்தான் படிப்பாம்.

வீட்டு ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர்கள் வேதச் சட்டப்படி பால் பாத்திரம் வேறு, கறிப் பாத்திரம் வேறு, கழுவும் தொட்டியும் இரண்டு. ஒன்றுக்கு நீலப் பெயின்ட், ஒன்றுக்குச் சிவப்பு. கீரையில் ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பூச்சி இல்லையென்று நிச்சயப்படுத்த வேண்டும். கதவு நிலையில் சின்னதாக ஒரு பெட்டி சாய்வாக அடித்திருக்கும். உள்ளே சுருட்டிய வேத வசனம். கூரியர் பையன் அதைக் காலிங் பெல் என்று நினைத்து அழுத்தோ அழுத்தென்று அழுத்திவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். கேஸ் மூடியிருக்கிறதா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஜாதி நான். கவலைப்படுவதற்கு இத்தனை சட்டம் உள்ள வேலை அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

அந்தச் சட்டங்களில் ஒன்றுதான் என் வயிற்றில் எரிந்தது. காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், தாளிக்கலாம், இறக்கலாம். எல்லாம் நான் செய்யலாம். அடுப்பை மட்டும் ஒரு யூதர் பற்ற வைக்க வேண்டும். பிள்ளைகள் விடிந்ததும் வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். அதற்காக ராஸ்தா பேட்டிலிருந்து சாலமன் காகா வருவார். புனேயிலேயே பிறந்து வளர்ந்த யூதர், வீட்டில் மராத்தி பேசுகிறவர். ராணுவத் தொழிற்சாலையில் நம் ஆட்களோடு வேலை பார்த்து ரிடையர் ஆனவர் என்பதால் கொஞ்சம் உடைந்த தமிழும் வரும். வந்து, அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சி உரசி, "லக் கயா, தம்பி" என்பார். பற்றிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு பேப்பர், டீ, வெளியே. அதற்குச் சம்பளம். எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்புக் கூடியிருக்கும்.

சம்பளம்கூடப் பரவாயில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, "தேங்க்யூ, காகா" என்றுதான் சொல்வார்கள். என் சாம்பாருக்கு அவர்கள் வைத்த பெயர் சாலமன் சூப். ஊருக்கு எழுதின கடிதத்தில் ரூத் அப்படித்தான் எழுதினாள், எனக்கே வாசித்துக் காட்டினாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை மட்டும் என் ராஜ்யம். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும் வரை அவர்கள் தீயையும் தொட மாட்டார்கள், சுவிட்சையும் தொட மாட்டார்கள். என்னிடம் போடு என்று சொல்லவும் கூடாது. "இந்த அறை ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். நான் புரிந்துகொண்டு போட வேண்டும். எது ஜாடை, எது சும்மா பேச்சு என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை சாரா, ஊரில் இப்போது குளிராக இருக்கும் என்றாள். நான் எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டேன். வேர்த்துக் கொட்டியபடி எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தானே சிரித்தார்கள் என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தின மாதம் ஒரு வெள்ளியன்று பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்ந்து, மாணவர்கள் வாழைப்பழம் தின்று படுத்தார்கள். படிப்பை நடத்திய மிரியம் மேடம் என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். இன்னொரு வெள்ளி இப்படி ஆனால் பம்பாயிலிருந்து டப்பா சாப்பாடு வரவழைத்துவிடுவாராம். டப்பா வந்தால் சமையல்காரன் எதற்கு. அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

நான் சொல்ல வந்த வெள்ளியன்று எல்லாரும் அலிபாக் பக்கம் யூதர்களின் பழைய ஊர்களைப் பார்க்கப் போயிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பசியோடு வந்து இறங்குவார்கள். நான் கோழியைக் கழுவி, காய் நறுக்கி, பருப்பு ஊற வைத்து உட்கார்ந்திருக்கிறேன், காகா வரவில்லை. அவர் வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீப்பெட்டி அலமாரியில் இருந்தது. வீட்டில் நான் ஒருவன்தான். உரசினால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஞாயிறு பள்ளியில் கேட்ட ஒரு கதை ஞாபகம் வந்தது: கடவுள் சொல்லாத தீயைக் கொண்டுவந்த இரண்டு பேரைத் தீயே தின்றுவிட்ட கதை. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து, ஆட்டோ பிடித்தேன்.

காகா மூன்றாவது மாடியில், வீங்கின காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டாராம். போன் நாலு நாளாக டெட்.

"தம்பி, கால் போச்சு. நான் எறங்க மாட்டான்."

"ஆட்டோ நிக்குது காகா. நான் தூக்கிட்டுப் போறேன்."

"நான் தொண்ணூறு கிலோ. நீ பட்டாணி மூட்டை கூட இல்ல."

அவர் மனைவிதான், எல்லாரும் காகு என்று கூப்பிடுவோம், உள்ளே போய்க் கரண்ட் போனால் ஏற்றும் லாந்தரை எடுத்து வந்தார். காகா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கீழ்வீட்டுப் போனிலிருந்து அலிபாக் விடுதிக்குப் பேசினேன். மேடம் தங்களோடு வந்திருந்த மதகுரு ரப்பியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: காகா ஏற்றின தீயிலிருந்து அடுப்பைப் பற்றவைத்தால் சரி. வழியில் அணையக் கூடாது. அணைந்தால் அடுப்பைத் தொடாதே, நாங்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொள்கிறோம். அப்புறம் பேசலாம். அந்த 'அப்புறம் பேசலாம்' எனக்கு டப்பா என்று கேட்டது.

காகா திரியை உயர்த்தி, குச்சியை உரசி, "லக் கயா" என்றார். அந்த நேரத்திலும் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "ராக்கேல் அஞ்சு ரூபா, அப்புறம் குடு" என்றார். இங்கே மண்ணெண்ணெய்க்கு ராக்கேல் என்று பெயர்.

ஆட்டோக்காரன் லாந்தரைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டான். பெட்ரோல் வண்டியில் தீயோடு ஏறுகிறாயே, சாக வேண்டுமா என்று இந்தியில் கேட்டான். நியாயம்தான். நானாக இருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன். அதனால் நடந்தேன். நல்ல வெயில், கையில் எரிகிற லாந்தர். ஒரு பான் கடைக்காரர், "காய் ஷோத்தொய் ரே?" என்றார். என்னடா தேடுகிறாய் என்று. பக்கத்தில் நின்றவன், "அக்கல்" என்றான், அறிவைத் தேடுகிறானாம். கடையே சிரித்தது. நான் தலையைத் தூக்கவில்லை. என் கண் முழுக்க அந்தச் சுடர்மேல்தான். வெயிலில் சுடர் சரியாகத் தெரியவும் தெரியாது. அடிக்கடி நின்று, கையால் நிழல் கட்டிப் பார்க்க வேண்டும்.

குவார்ட்டர் கேட் சந்திப்பில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. சுடர் படுத்து, திரியின் ஒரு ஓரத்தில் நீலமாக ஒரு கடுகளவு நின்றது. நான் நடைபாதையில் உட்கார்ந்து, சட்டையை அவிழ்த்துச் சுற்றிலும் பிடித்துக்கொண்டேன். மூச்சு விடவில்லை. கடுகு மிளகானது. மிளகு மெல்ல மேலே ஏறியது. எழுந்து பனியனோடு நடந்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கும்போதே படிக்கட்டு வரை கோழி வாசனை போயிருந்தது. மேஜையில் பாட்டுப் பாடினார்கள். பிறகு டேனியல் தம்ளரைத் தூக்கி, காகாவின் தீ புனே முழுக்க நடந்து வந்தது என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். தீ நடந்ததாம். கால் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.

மேடம் அடுக்களைக்கு வந்து மெதுவாகக் கேட்டார், வழியில் அணையவில்லையே என்று. இல்லை என்றேன். போகும்போது வாசலில் நின்று மறுபடியும் கேட்டார். ரப்பி கேட்டார். யோனா கண்ணடித்துக் கேட்டான். வீட்டுக்கு வந்தால் என் மனைவியும், "நெசமாவே அணையலையா?" என்றாள். அணையவில்லை. குவார்ட்டர் கேட்டில் சாட்சிக்கு நான் ஒருவன்தான் இருந்தேன், என்ன செய்வது. வேலை தப்பியது. ஆனால் சொல்லச் சொல்ல, அணைந்துதான் போயிருக்குமோ என்று எனக்கே கவலை வந்துவிட்டது.

காகா கால் தேறி, தடியூன்றி வந்தார். அவரும் கேட்பார் என்று காத்திருந்தேன். பதில்கூடக் காரமாகத் தயாராக இருந்தது. உரசினார், "லக் கயா" என்றார், பேப்பரை விரித்தார்.

"தம்பி, ராக்கேல் அஞ்சு ரூபா?"

"தீ உங்களுது, காலு என்னுது. கழிச்சுக்குங்க காகா."

"கால் கணக்கு வேற. ராக்கேல் கணக்கு வேற."

தினமும் இதே பேச்சு. நானும் கொடுக்கவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் பொறுக்காமல் நானே ஒரு நாள் கேட்டேன்: "அன்னிக்கு வழியில அணைஞ்சிருந்தா என்ன காகா பண்ணியிருப்பீங்க?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அணஞ்சா நீ திரும்பி வந்திருப்ப" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

அப்படி ஒரு வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல வருகிறதே இந்த மனுஷனுக்கு என்று அதற்கும் ஒரு பொறாமை. அன்றைக்கு டீயில் சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டேன்.

அந்தப் படிப்பு பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. கட்டில்களையும் மேஜை விளக்குகளையும் பழைய சாமான்காரன் எடைபோட்டு எடுத்துப் போனான். கீழ் ஃபிளாட் இப்போது பல் டாக்டர் கிளினிக்; கதவு நிலையில் பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை இருந்தது, போன தடவை பார்த்தபோது அதையும் பூசியிருந்தார்கள். ராஸ்தா பேட்டில் காகா இருந்த மூன்று மாடிக் கட்டடத்தை இடித்துப் பதினோரு மாடி எழுப்பிவிட்டார்கள். காகாவும் காகுவும் மகனிடம், இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கடலோரத்தில் வீடாம். எனக்கு இன்னும் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. டாக்சி கிளம்பும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். கையசைக்கிறார் என்று நானும் கையைத் தூக்கினேன். அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார். பாக்கெட்டில் கையை விட்டேன். சில்லறை இல்லை.

ராக்கேல் விற்ற ரேஷன் கடையில் இப்போது அது வருவதில்லை. பேரன் மூன்று மெழுகுவர்த்தியையும் ஒரே ஊதில் அணைத்துவிட்டு, மறுபடியும் பற்ற வைக்கச் சொல்லி அழுதான். வாட்ச்மேனின் தீப்பெட்டியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். காகாவுக்குத்தான் பாக்கி, ஐந்து ரூபாய்.